முற்போக்கான ஒன்றரைப் பக்கம்

மயிலாப்பூர்
6.7.2024

அன்புள்ள டீனா,

நலமா? அத்தா தைத்து முடித்த உன் அம்மா லூயிசா ஆன்ட்டியின் ப்ளவுஸ் மடிப்புக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். போன் என்றால் நீ பேசிக்கொண்டே போவாய், நான் "ம்" மட்டும் சொல்வேன்.

உங்கள் இலக்கிய வட்டக் கூட்டத்தில் நான் வாசிக்க நீ எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்தேன். "என் தந்தை என் படிப்பை நிறுத்தினார்" என்று இருக்கிறதே? ஒன்பதாம் வகுப்பில் நீ என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்! எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும், வகுப்பே சிரிக்கும். படிப்பை விட்டது நான். அத்தா தையல் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு மாதம் தினமும் பள்ளி கேட் வரை கெஞ்சிக் கூட்டி வந்தார். அந்த வரியை எடுத்துவிடு. அத்தாவும் வருகிறார்.

உன் தூபா

அபிராமபுரம்
9.7.2024

தூபா குட்டி,

கோபமா? உன் அத்தா நல்லவர்தான். ஆனால் 'கூச்சத்தால் பள்ளியை விட்டு நின்றேன்' என்று நீ சொன்னால் கேட்பவர்களுக்கு என்ன இருக்கிறது? உங்களைப் போன்றவர் வீடுகளில் நடப்பதைச் சொல்ல வேண்டும். அதுதான் முற்போக்கான பார்வை. எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்ததே அந்த வரிதான். நானே வாசித்துவிடுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள், பொருத்தமாக இருக்கும்.

அன்புடன்,
டீனா

மயிலாப்பூர்
15.7.2024

டீனாவுக்கு,

நேற்று ஆழ்வார்பேட்டை ஹாலில் அந்தச் சொல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு முறை. முற்போக்கான கவிதை, முற்போக்கான கேள்வி, சமோசா வாங்கி வந்தவருக்குக்கூட முற்போக்கான மனம். எல்லோரும் ஏற்கெனவே தலையாட்டும் கருத்தை யார் திரும்பச் சொன்னாலும் அந்தச் சொல் கிடைக்கிறது. இதற்கா நீ காலேஜ் போகிறாய்?

நீ அந்த வரியை வாசித்ததும் கைதட்டினார்கள். ஜிப்பா போட்ட ஒருவர் அத்தாவின் தோளைத் தட்டி, "இன்னா பாய், இனிமேலாவது பொண்ணுங்கள படிக்க வுடுங்க" என்றார். அத்தா எழுந்து நின்று "சரிங்க சார்" என்றார்.

அப்போதுதான் நான் மைக்கைப் பிடித்தேன். "இது பொய். எங்க அத்தா என்னை நிறுத்தல" என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. உங்கள் தலைவி உன் பக்கம் சாய்ந்து, "பாவம், அப்பா இருக்காரேன்னு பயப்படுறா" என்றது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

நீ தலையாட்டினாய்.

அத்தாவை விட்டால், நான் எதற்குப் பயப்படுவேன் என்று அந்த ஹாலில் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உமர் ஃபாரூக் மகள்
தூபா