சூடு என்று சொன்னது நான்தான்

அன்பான நங்கையாவுக்கு,

எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு பள்ளிபாளையம் வந்த நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ரொம்பக் களைப்பாக இருக்கிறது. இரண்டு நாளாக ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். என்னோடு தறி ஓட்டுகிற செல்விக்கும் உங்களுக்கு வந்த அதேதான். கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட்டது. அதைக் கரைக்க அதே ஊசியைப் போன வாரம் போட்டிருந்தார்கள்.

உங்களுக்கு ஊசி போட்ட அன்று அண்ணன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே இருந்தார். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். "வாயில புண்ணு வந்தா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. கடையில வலி மாத்திரை வாங்கித் தராதீங்க." சரிங்க சரிங்க என்று தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் நீங்கள் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். "ஏனுங்க நங்கையா, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? சூடுங்க" என்றேன். நம் ஊரில் வாய்ப்புண்ணுக்கு வேறு காரணம் யார் சொல்வார்கள்? மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். வயிறு வலிக்கிறது என்றதும் கடை மாத்திரையும் நானே வாங்கிவந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மூன்று நாள் கழித்துக் காய்ச்சலோடு தூக்கிப் போனோம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் ரத்த அணுக்கள் அடியோடு குறைந்துவிட்டன என்றார்கள். புண் வந்த அன்றே வந்திருந்தால் எதிர்மருந்து இருந்ததாம். உங்களை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை.

டாக்டரம்மா முன்பே எச்சரித்தது அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. "நீதான் சாமி அவள நல்லாப் பாத்துக்கிட்ட" என்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முந்தாநாள் மத்தியானம் செல்வி சோற்றுப் போசியைத் திறந்துவிட்டு மூடி வைத்தாள். "வாயெல்லாம் வெந்து கெடக்குதுக்கா. சூடுதான்." தறியை நிறுத்தினேன். ஓனர் கத்தினார். "கத்துங்க, நாங்க போயிட்டு வாரோம்" என்று அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எதிர்மருந்து ஏறுகிறது. இன்று காலை ரசஞ்சோறு நாலு வாய் தின்றாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கெப்படி சாமி தெரிஞ்சுது?" என்று கேட்டார். எந்த வாயால் சொல்வேன்?

நாளை அண்ணன் வண்டியிலிருந்து வருகிறார். காப்பி குடித்து முடிக்கட்டும். சொல்லிவிடுகிறேன் நங்கையா. டாக்டரம்மா சொன்னதையும், நான் சொன்னதையும். அதற்குப் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடாமல் போனாலும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதும் உங்கள் நாத்தனார்தான்,
பூங்கொடி