பக்கத்துக் கட்டில் பாக்கியம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. என் கட்டிலுக்கு நேரே ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அட்டை ஊறித் தொங்குகிறது. வலது கால் வீக்கம் நேற்றைப் போலவே. கட்டு மாற்ற இன்னும் யாரும் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்ல: சோப்பு, பழைய கவுன் ஒன்று, பெரிய சைஸ் செருப்பு. நான் வேலை செய்யும் பிலிமத்தலாவைக் கடைக்கு டெலிபோன் கோல் எடுத்து, இந்தக் கிழமை முழுக்க ரீட்டா வரமாட்டாள் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். மஹய்யாவ வீட்டில் பூனைக்குச் சோறு.

இந்த வார்ட்டில் யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. வந்து படுத்ததும் "உங்களுக்கு என்ன, சீனியா பிரஷரா?" அவ்வளவுதான். சுவரோரக் கட்டில்கள் முக்கால்வாசி சீனி. நடுவரிசை பிரஷர், நெஞ்சுவலி. கதவோரம் மூச்சு இழுப்பு. எதிர்க் கட்டில் ஸித்தி ராத்தா, அக்குறணைக்காரி, எல்லா வரிசைக்கும் சொந்தம். "எனக்கு சீனியும் ஈக்கி, பிரஷரும் ஈக்கி, கொலஸ்ட்ரோலும் ஈக்கி. இல்லாதது பல்லு மட்டும்தான்." சிரித்துச் சிரித்துக் கால் வலி கூடிவிட்டது.

நான் சீனி. காலில் ஆணி ஏறியது தெரியாமல் ஒரு நாள் முழுக்கக் கடையில் நடந்திருக்கிறேன். டொக்டர் திட்டினார். திட்டட்டும். திட்டுவதற்காகவாவது காலைப் பார்த்தார்.

பின்னேரம் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிய ஆள். பாக்கியம். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நாற்பது வயது இருக்கும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் மலையிலேயே மயங்கி விழுந்தாளாம். முகம் அரிசி மா மாதிரி. உதடும் அதே நிறம். வந்ததும் ரத்தம் ஏற்றினார்கள்.

சின்ன டொக்டர், என் அக்கா மகன் வயதுப் பையன், நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னது காதில் விழுந்தது: "தோட்டத்துப் பெண்கள்தானே. எல்லாருக்கும் ரத்தம் குறைவுதான்." நர்ஸும் தலையாட்டினாள். எல்லாருக்கும் மூக்கு இருக்கிறது என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாக்கியத்துக்கு சிங்களம் கொஞ்சம்தான். "என்னக்கா சொல்றாங்க?"

"ரத்தம் கொறவாம்."

"அது தெரியுமே. போன தடவையும் அதான் சொன்னாங்க."

போன தடவை! அதற்கு முன்னும் ஒரு தடவை வந்து படுத்திருக்கிறாள். மூன்றாம் முறை, அதே பேச்சு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அட்டென்டன் பொம்பிளை கத்தினாள். பாக்கியத்தின் விரிப்பில் கறையாம். "இது என்ன, உங்க தோட்டத்து லய வீடா?" வார்ட்டே திரும்பிப் பார்த்தது. பாக்கியம் ரத்தக் குழாயோடு எழுந்து நின்றாள். குழாய் கழன்று சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கு இப்படியா கத்துவது? நானும் திருப்பிக் கத்தினேன். அட்டென்டன் இன்று முதல் என் எதிரி.

ஒக்டோபர் 8, புதன்

மழை விட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பாண், பருப்பு. பருப்பில் பருப்பைத் தேட வேண்டும்.

பாக்கியம் எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுகிறாள். நான் கண் விழிக்கும்போது குளித்து, தலை சீவி, விரிப்பை மடிப்பில்லாமல் இழுத்துப் போட்டு, ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். விரிப்பு பளிச்சென்று வெள்ளை. நர்ஸ் கூட மெச்சினாள்: "இந்த வார்ட்டிலேயே சுத்தமான கட்டில்." பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரிய டொக்டர் வந்தார். (பெ.டொ. என்றே எழுதுகிறேன், படுத்துக்கொண்டு எழுதக் கை நோகிறது.) அவர் கேட்டதை எல்லாம் நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். வயிற்றால் போகும்போது ரத்தம் போகிறதா? இல்லை. வாந்தியில்? இல்லை. பூச்சி மருந்து எடுத்தாளா? எடுத்தாள். பின் புத்திமதி. ஈரல் சாப்பிட வேண்டும். இறைச்சி, முட்டை, கீரை. மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

ஈரல்! மலையில் விழுந்து கிடந்தவளுக்கு ஈரல். மொழிபெயர்க்கவே வாய் கூசியது. பாக்கியம் "சரிங்க சார், சரிங்க சார்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இவர் சாயந்தரம் வந்தார். செருப்பு சின்ன சைஸ். பூனையைப் பற்றிக் கேட்டால் "அது இருக்கும்" என்கிறார்.

ஒக்டோபர் 9, வியாழன்

காலில் சீழ் குறைவு. சீனி இன்னும் இறங்கவில்லை. ராத்தாவின் மகள் கொண்டுவந்த இனிப்பு வட்டிலாப்பம் ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டி. சரி, இரண்டு.

யாழ்ப்பாணத்து லேடி டொக்டர் ஒருவர் கட்டில் கட்டிலாக வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து படுப்பவர்களில் எத்தனை பேருக்கு எந்த வருத்தம், எந்த நோய் என்று எண்ணுகிறாராம். ஆராய்ச்சி. நல்ல பிள்ளை, பொறுமையான குரல். "அம்மா, சீனி இருக்கோ? பிரஷர் இருக்கோ? மாதப்போக்கு ஒழுங்கோ?"

பாக்கியம்: "ஒழுங்காத்தாங்க வருது." ஒரு சரி போட்டார். ரத்தம் குறைவுக்கும் ஒரு சரி.

என் முறை வந்ததும் கேட்டேன், இதுவரை எதற்கு அதிகம் சரி விழுந்திருக்கிறது?

"சீனிதான் அக்கா முன்னுக்கு நிக்குது. ஆனா தோட்டத்து ஆக்களை மட்டும் எடுத்தா ரத்தக் குறைவு. கிட்டத்தட்ட எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் இருந்தா?"

"அப்ப அதை 'மிகப் பரவலானது' எண்டு எழுதுவம்."

"எழுதி?"

பிள்ளை தாளைப் புரட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனது. அவரைக் கோபித்து என்ன செய்ய. ஆனால் நாள் முழுக்க மனம் ஆறவில்லை. பத்துப் பேருக்கு இருந்தால் வருத்தம், பத்தாயிரம் பேருக்கு இருந்தால் வழக்கமா? நான் வேலை செய்யும் கடையில் ஒரே சாமான் தினமும் குறைந்தால் "அது குறைகிற சாமான்தான்" என்று எழுதிவிட்டுப் போவேனா? கதவுக்குப் பூட்டுப் போட மாட்டேனா?

ஒக்டோபர் 10, வெள்ளி

எழுத்து கோணல். கோபத்தில்தான்.

காலையில் தேத்தண்ணி வருவதற்கு முன் நொண்டி நொண்டி பாத்ரூம் போனேன். பாக்கியம் உள்ளே. வாளியில் ஆஸ்பத்திரி விரிப்பு. தண்ணீர் சிவப்பு. செம்பருத்தி பிழிந்த மாதிரி இல்லை, அதைவிடக் கறுப்புச் சிவப்பு. முழங்காலில் நின்று கசக்குகிறாள், கசக்கிவிட்டுச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்குகிறாள்.

"என்னடி இது?"

"சத்தம் போடாதீங்கக்கா. அந்த பொம்பளைக்கி கேட்டா திட்டும்."

தினமும் விடியுமுன் துவைத்திருக்கிறாள். பிழிந்து, பாத்ரூம் ஜன்னலில் அரைகுறையாகக் காயவைத்து, ஈரத்தோடு கட்டிலில் விரித்து, அதன் மேலேயே படுத்திருக்கிறாள். இந்த ஆஸ்பத்திரியே ரத்தம் எங்கே போகிறது என்று தேடுகிறது, இவள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி ஊற்றியிருக்கிறாள். "சுத்தமான கட்டில்" என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள்!

எத்தனை நாளாக என்று கேட்டேன். மாதத்தில் பாதி நாள். ஐந்தாறு வருஷமாக. பழைய சேலைத் துணி மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போவாளாம். சாக்கு இருப்பதால் வெளியே தெரியாதாம்.

"அந்த டொக்டரம்மா கேட்டப்ப ஒழுங்கா வருதுன்னியே?"

"ஒழுங்காத்தானேக்கா வருது. எங்க லயத்துல எல்லாத்துக்கும் இப்படித்தான்."

சின்ன டொக்டர் சொன்ன அதே பேச்சு, இவள் வாயிலும்! ஓங்கி அறையலாம் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

சொல்லிவிடு என்றேன். ஆம்பிளை டொக்டரிடம் எப்படி என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். அழுதாள். "நாளைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்கக்கா. நான் மாத்திரைய எடுத்துகிட்டு போயிர்றேன். மானத்த வாங்காதீங்க."

வாக்குக் கொடுக்கவில்லை. மத்தியானம் சின்ன டொக்டரைப் பிடித்தேன். இவளுக்கு உதிரப்போக்கு, நான் கண்ணால் பார்த்தேன், ஒரு ஸ்கேன் எடுங்கள். அவர் கட்டிலில் தொங்கிய அவளுடைய டிக்கட்டைப் பார்த்தார். "மாதப்போக்கு ஒழுங்கு என்றுதானே இருக்கிறது? ஆன்ட்டி, நீங்க உங்க காலைப் பாருங்க."

காலைப் பார்க்கவாம். இன்னொரு முறை மலையில் விழுந்தால் இவள் எழும்ப மாட்டாள். அது இந்த நொண்டிக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையா?

ஒக்டோபர் 11, சனி

செய்துவிட்டேன்.

விடிய முன் எழுந்து உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் விரிப்பை உருவியதும் பிடுங்கினேன். இழுத்தாள். தெம்பு ஏது அவளுக்கு. சுருட்டி என் தலையணைக்குக் கீழே. "அக்கா, குடுங்கக்கா, காலப் புடிக்கிறேன்." கொடுக்கவில்லை. வெறும் மெத்தையில் சேலையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

பெ.டொ. ஊர்வலத்தோடு வந்தார். படிக்கிற பிள்ளைகள், நர்ஸ், சின்ன டொக்டர். பாக்கியத்தின் டிக்கட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நான் எழுந்து, அந்த விரிப்பை அவர் முன்னால் கட்டிலில் விரித்தேன். முழுசாக. எல்லாருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே கேட்டேன்: "டொக்டர், இதுவும் தோட்டத்துப் பெண்களுக்கு எல்லாம் உள்ளதுதானா? இவள் தினம் துவைக்கிறாள், உங்கள் அட்டென்டன் ஏசுவாளே என்று பயந்து."

பையன்கள் தரையைப் பார்த்தார்கள். பெ.டொ. பேனாவை மூடினார். திரையை இழுக்கச் சொன்னார். ஆம்பிளைகளை வெளியே போகச் சொன்னார். சின்ன டொக்டர் என்னைப் பார்க்காமல் போனார்.

பத்து மணிக்குள் ஸ்கேன். கர்ப்பப்பையில் கட்டி. இளநீர்க் காய் அளவாம். ஆபத்தான சாதிக் கட்டி போலத் தெரியவில்லை, எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும் என்று நர்ஸ் சொன்னாள். எடுத்தால். இத்தனை வருஷமும் எடுத்திருக்கலாம்!

பாக்கியம் என் பக்கம் முகம் திருப்பவில்லை. நர்ஸ் சொன்னதைத் தமிழில் சொல்லப் போனேன், காதைப் பொத்திக்கொண்டாள். ராத்தாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டே ஜெபம். மனம் நிற்கவில்லை.

ராத்தா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீங்க செஞ்சது சரி ரீட்டா. ஆனா அவ்வளவு ஆம்புளையளுக்கு முன்னுக்கு விரிச்சீங்களே. அவ ராவைக்கு ஒரு வாய் திங்கல்ல."

மெதுவாகச் சொன்னேனே, நேற்று முன்தினம், ஒரு டொக்டரிடம்! கேட்டாரா? என்று பாய்ந்தேன். ராத்தா என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பிறகு போர்வைக்குள் அழுதேன். அந்தப் பேச்சு உண்மைதான், அதுதான் எரிச்சல்.

யாழ்ப்பாணத்து டொக்டர் விடுமுறை நாளிலும் வந்தார். "அக்கா, நான் 'ஒழுங்கோ' எண்டு கேட்டனான். 'எத்தினை நாள், எத்தினை துணி' எண்டு கேக்கேல்லை." தோட்டத்திலிருந்து வந்திருக்கும் பெண்களிடம் திரும்ப முதலிலிருந்து கேட்கிறார். திரைக்குள்ளே, ஒவ்வொருவராக, கிட்ட உட்கார்ந்து. மூலைக் கட்டில்காரி வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறது.

இவர் இன்று சரியான செருப்புக் கொண்டுவந்தார். நடந்ததைச் சொன்னேன். "உனக்கு இது தேவையா?" என்றார். தேவைதான்.

ஒக்டோபர் 13, திங்கள்

வெயில். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. எனக்கு நாளை மறுநாள் வீடு.

பாக்கியத்தைக் கர்ப்பப்பை வியாதிகளுக்கான வார்ட்டுக்கு மாற்றுகிறார்கள், இன்னும் ரத்தம் ஏற்றி, பிறகு ஒப்பரேஷன். புருஷன் வந்திருந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், என்னைக் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை. பையில் சாமானை அடுக்கினாள், ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள், தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தாள். வண்டி என் கட்டிலைத் தாண்டும்போது கம்பியைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"உங்க மேல இருக்குற கோவம் நான் சாகுற வரைக்கும் போகாதுக்கா."

"போக வேணாம். ரொம்ப நாளைக்கி வெச்சிரு. கெழவியாகி பேரப்புள்ளைங்ககிட்ட எல்லாம் என்னைத் திட்டு."

கம்பியை விடாமலே கேட்டாள்:

"மஹய்யாவயில உங்க வீடு எங்க?"

"எதுக்கு?"

"வந்து திட்டத்தான்."