அப்பாவுக்குத் தனிச் சட்டி

என் தங்க அம்மா,

அப்பா நல்லா இருக்கிறார். நீ அதைத்தான் முதலில் கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். கொழுப்பு, பிரஷர் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறதாம். "ஊட்டுச் சாப்பாட்ட நல்லா கவனிச்சுக்கறாங்க போலிருக்குதுங்க" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவும் பெருமையாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவனித்துக்கொண்டவள் செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது டாக்டர், அதுவும் இதே நோயில்தான் செத்தாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது இன்னும் உள்ளே இறங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். அப்பா மேல், அண்ணன் மேல், நம் சொந்தபந்தம் மொத்தத்தின் மேலும் கோபம். எல்லோரையும்விட உன் மேல் அதிகம். போய்ச் சேர்ந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்று அத்தை சொல்கிறார். பின்னே யாரிடம் படுவதாம்?

அப்பாவுக்கு அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்து, உடுமலைக்குக் கூட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் அந்த டயட்டீஷியன் பெண் சொன்னதை ஒரே தடவை கேட்டு அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டாய். உப்பைப் பாதியாகக் குறைத்தாய். ஒரு தடவை காய்ந்த எண்ணெயை அப்பாவுக்கு மறுபடி தொடவில்லை. தேங்காய் மண்டிக்காரர் வீட்டில் தேங்காய் இல்லாமல் சட்னி அரைத்தது உடுமலையிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். கீரை, கொள்ளு, ராகிக் களி, கொய்யாப்பழம், ஊறவைத்த பாதாம் என்று அந்த மனிதரைக் குழந்தையைப் போல வளர்த்தாய்.

அதற்குப் பெயர் அப்பா சட்டி. அடுப்பில் இரண்டு சட்டி ஏறும். ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று மற்றவர்களுக்கு. அண்ணன் பிள்ளைகள் அப்பாவின் பாதாமில் கைவைத்தால், "அது தாத்தாவுக்கு மருந்து கண்ணு" என்று தடுப்பாய். அங்கேதான் நாம் எல்லோரும் தப்புக் கணக்குப் போட்டோம். நல்ல சாப்பாடு என்றால் நோயாளிக்குப் போடும் பத்தியம் என்று நினைத்துவிட்டோம். நோய் வராதவர்களுக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டோம்.

உனக்கு மூன்றாவது சட்டி ஏதும் கிடையாது. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு நீ சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவாய். முந்தின நாள் சோறு, பிள்ளைகள் கடித்து வைத்த அப்பளம், அடிச்சட்டிக் குழம்பு, அதெல்லாம் இறங்குவதற்கு மாங்காய் ஊறுகாய். வடை சுட்ட எண்ணெயைக் கீழே ஊற்ற மனது வராமல், அதிலேயே உனக்கு மட்டும் முட்டைப் பொரியல். எது அப்பாவுக்கு ஆகாது என்று சொன்னார்களோ அது அத்தனையும் உன் வயிற்றுக்குள் போனது. அதெல்லாம் கெடுதல் என்று இந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவள் நீதானே. உனக்கும் நெஞ்சு என்று ஒன்று இருப்பது மட்டும் எப்படி மறந்தது?

அப்பாவைச் செக்கப்புக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். உள்ளே போய் நீயும் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, முதுகில் குத்தியது, தாடை வலித்தது. எல்லாவற்றுக்கும் நீ வைத்திருந்த ஒரே பெயர் வாய்வு. ஓமத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போவாய். பெண்களுக்கு இது இப்படியும் வரும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும் என்று இல்லை என்று டாக்டர் எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்.

நீ போன அன்று காலை, துணி காயப்போடப் போனவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாயாம். கவிதா அண்ணி ஓடிவந்து பிடித்திருக்கிறார். அவரிடம் நீ கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமா? "மாமாவுக்குக் களி ஆறிப்போயிரும், மொதல்ல அதைய எடுத்து வெய்யி கண்ணு." அண்ணியும் உன் பேச்சைத் தட்டாமல் களியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் நீ இல்லை. அதை நினைத்து அவர் இன்னும் அழுகிறார். அந்தப் பாவத்தை அவர் தலையில் ஏன் வைத்தாய்?

இப்போது உன் முதல் வருடப் படையலைப் பற்றிச் சொல்கிறேன். வீடு நிறைய ஆள். தாராபுரத்திலிருந்து சித்தி வீட்டார், அத்தை வீட்டார் எல்லோரும் வந்துவிட்டார்கள். உன் போட்டோ முன்னால் இலை போட்டு, உனக்குப் பிடித்ததை வைக்க வேண்டும், என்னவென்று சொல்லுங்கள் என்று அத்தை கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை அம்மா. அண்ணன் அப்பாவைப் பார்த்தான், அப்பா அண்ணியைப் பார்த்தார். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தால் தெருவே சொல்லியிருக்கும்.

கடைசியில் அப்பாதான் வாயைத் திறந்தார். "அவளுக்கென்னங்க, பழைய சோறும் ஊறுகாயும் இருந்தாப் போதும். அதையே வெச்சுருங்க." வைத்தார்கள். உன் தலைவாழை இலையில் முந்தின நாள் சோறும் மாங்காய் ஊறுகாயும். என்ன எளிமையான மனுஷி என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது அம்மாவுக்குப் புடிச்சது இல்லீங்கப்பா. நம்ம தின்னு மிஞ்சுனது" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. இலையிலிருந்த ஊறுகாயை வழித்தெடுத்துக் குப்பையில் போட்டேன். படையல் இலையில் கைவைக்கிறாளே என்று கூட்டமே கத்தியது. கோயமுத்தூர் பீளமேட்டில் ஆபீஸ் வேலை பார்ப்பதால் வந்த திமிர் என்று அத்தை வீட்டு மாமா சொன்னார். சொல்லட்டும். அதற்குப் பதில் வேறு எதை வைப்பது என்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. உனக்கு என்னதான் அம்மா பிடிக்கும்?

பந்தி முடிந்து சமையலறைக்குள் போனேன். அண்ணி மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் மீந்த சோறு, உடைந்த வடை, ஊறுகாய். மாமியாரையே உரித்து வைத்திருக்கிறாள் மருமகள் என்று அன்றைக்கு எத்தனை பேர் அவரைப் புகழ்ந்தார்கள் தெரியுமா? நான் தட்டைப் பிடுங்கியதும் அவர் பயந்துபோய்க் கதவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க அம்மணி. முதுகுல குத்துது. வாய்வாத்தான் இருக்கும், உங்க அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

அம்மா, அவருக்கு இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

போன வாரம் கோயமுத்தூர் போனது அண்ணிக்காகத்தான். அண்ணிக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றால், பார்க்கலாம் பார்க்கலாம் என்று அண்ணன் நாளைத் தள்ளுவான். அப்பாவுக்குச் செக்கப் என்றதும் அடுத்த நிமிஷம் காரை எடுத்துவிட்டான். டாக்டர் அப்பாவைப் பார்த்துச் சிரித்து முடித்ததும், அடுத்தது இவங்களுங்க என்று அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்தேன். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. ரிசல்ட் வந்ததும் வெளுத்தது. பிரஷர் எக்கச்சக்கம், கொழுப்பும் அப்படியே, ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது. இப்பவாவது வந்தீர்களே என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்திருக்கிறார். அது பாதிதானாம், சாப்பாட்டை மாற்றினால்தான் மீதி என்றார். என்னென்ன சாப்பிட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லாம் உன் அப்பா சட்டியில் வெந்ததுதான்.

திரும்பி வந்து எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் ஒரே சட்டி. அப்பா சாப்பிடுவதைத்தான் அண்ணியும் பிள்ளைகளும் அண்ணனும் சாப்பிட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், அண்ணிக்கும் தட்டு வைத்த பிறகுதான் சோற்றில் கைவைக்க வேண்டும். பிள்ளைகள் முனகினார்கள். அண்ணன் தலை குனிந்துகொண்டான்.

அப்பா மட்டும் ஒன்று கேட்டார். வம்புக்காக அவர் கேட்கவில்லை அம்மா. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"அப்ப மிச்சமாகறதை ஆரு சாப்புடறது?"

இத்தனை வருடம் நீ இந்த வீட்டில் யாராக இருந்தாய் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. "நீங்க சாப்புடுங்கப்பா" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவர் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை, பேசாவிட்டால் போகட்டும். நல்லா இருக்கிறார், அது போதும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி உடுமலைக்கு வந்துவிடுவேன். அண்ணி உட்கார்ந்து, சூடாக, வயிறாரச் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன். அடங்காதவள், பிறந்த வீட்டில் வந்து அதிகாரம் பண்ணுகிறவள் என்று என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நீ வாங்கிய நல்ல பேர் உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டேன். எனக்கு அது வேண்டாம். அண்ணிக்கும் வேண்டாம். என் உயிர் இருக்கும்வரை கவிதா அண்ணியை உன்னிடம் அனுப்ப மாட்டேன் அம்மா. நீயும் கூப்பிடாதே.

கோபம் ஆறாத உன் மகள்,
பூங்கொடி