பின்பக்கத்திலிருந்து படி

அக்கா,

இந்தக் கடிதத்தை நர்ஸிடமோ அம்மாவிடமோ காட்டிவிடாதே, உன் காலில் விழுகிறேன். நீயாகச் சாப்பிடத் தொடங்கும் வரை உன்னிடம் சாப்பாட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அப்பா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார். நானோ சாப்பாட்டுக் கதையையே அனுப்புகிறேன். நாளை அம்மா கொண்டுவரும் பையில், உன் நீலத் துண்டுக்குள் புத்தகத்தையும் இந்தக் கடிதத்தையும் ஒளித்து வைக்கிறேன்.

ஜப்பானியப் படக்கதை. ஒரு சமையல்காரப் பெண் திமிங்கிலத்தின் முதுகில் அடுப்பு மூட்டிக்கொண்டு கடல் கடலாகப் போகிறாள். எரிமலை வாயில் ரொட்டி சுடுகிறாள். மேகத்தைக் கரண்டியால் மொண்டு சூப் வைக்கிறாள். அந்த ஆவியை எப்படித்தான் வரைந்தார்களோ, நான் காகிதத்தை முகர்ந்தே பார்த்துவிட்டேன்!

முதலில் நம் புத்தகம் மாதிரி முன்பக்கத்திலிருந்து படித்துத் தொலைத்தேன். அதில் மலை போல இருந்த ஒரு ராட்சசன் பக்கத்துக்குப் பக்கம் இளைத்து, கடைசியில் எலும்பும் தோலுமாகப் படுத்துவிட்டான். அன்று முழுக்க அழுதேன். புத்தகம் கொடுத்த தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏய் லூசு, ஜப்பான் புத்தகத்தைப் பின்னாலேருந்து படிக்கணும்டி! அவன் பொழைச்சு எழுந்திருக்கிற கதை இது."

ஒரே கரண்டி சூப்பில் எழுந்திருக்கத் தொடங்குகிறான், அக்கா. அந்தச் சமையல்காரப் பெண் அவனைக் கெஞ்சுவதில்லை, மிரட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானும் குடிக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இப்படி ஒரு பக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

போன வாரம் உன் வளையல் முழங்கை வரை ஏறியதைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்கில் சூப் கொண்டு வருகிறேன். சத்தியமாகக் கெஞ்ச மாட்டேன். நான் பாட்டுக்குக் குடிப்பேன். நீ ஒரே ஒரு கரண்டி மட்டும்

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள். அப்பா