கம்மி பண்ணுப்பா என்றீர்கள்

பாய்,

நேற்று மதியம் முன்னறையில் உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். படத்தில் ஒரு லாரி பாலத்தின் மேல் போனது. நாம் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் குழாயிலிருந்து காற்று வந்து என் முழங்காலில் பட்டது. கூடவே பதனிட்ட தோலின் வாசனையும், செருப்பு ஒட்டும் சொல்யூஷன் வாசனையும் வந்தன. ஐந்து மாதமாகியும் அது போகவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி, "பாய் வந்துட்டாரு" என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான், வாய் தவறி வந்துவிட்டது. நான் படத்தை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதை உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை, பாய். கடைக்குப் போகிறேன், மிக்சி வருகிறது, ஃபேன் வருகிறது, காயில் சுற்றிக் கொடுக்கிறேன். பசித்தால் சாப்பிடுகிறேன். ஜமுனாமரத்தூர்ச் சந்தை நாளில் உங்கள் செருப்பு மூட்டை இருக்கும் மூலையில் இப்போது ஒருவருடைய மரவள்ளிக் கிழங்கு மூட்டை இருக்கிறது. அதைப் பார்த்தால் கிழங்கு மூட்டை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? மழைக்கு ஒதுங்கி மூட்டையோடு என் கடைக்குள் வந்தீர்கள். மூட்டையை அவிழ்த்து, பத்து ஜோடி செருப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயரை எடுத்தீர்கள். "மெக்கானிக்கு, இத்த கொஞ்சம் பாரு. வாணியம்பாடில நாலு பேரு பாத்து நாலு விதமா சொல்லிட்டாங்க" என்றீர்கள். ஒரு கம்பி விட்டிருந்தது, அவ்வளவுதான். ஒட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் என் பெயரை நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கடைசி வரைக்கும் மெக்கானிக்குதான்.

பெட்டி செய்யும் ஆசையை என் தலையில் ஏற்றியது நீங்கள். நான் தவணையில் வாங்கிய ஹோம் தியேட்டரைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்கள். "இன்னா இது, கொசு கத்தறாப்ல இருக்குது. உக்காந்துக்கற நாற்காலி அதிரணும்பா" என்றீர்கள். ஒரு மாதம் கழித்து பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை, குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோலச் சுற்றி எடுத்து வந்தீர்கள். பிளைவுட்டைத் திருப்பத்தூரில் வாங்கி, கடையிலேயே ஆறு துண்டாக அறுத்து, கயிறு போட்டுக் கட்டி, இருவரும் பஸ்ஸில் மலைக்கு ஏற்றினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பலகைக் கட்டு நழுவி முன்சீட்டுக்காரர் காலில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் என்னைக் காட்டி, "இவருதாங்க" என்றீர்கள்.

கணக்குப் போட்டது நான். ஐம்பத்தாறு லிட்டர் கொள்ள வேண்டும், அப்போதுதான் அந்த ஸ்பீக்கருக்குச் சரியாக இருக்கும் என்று நோட்டில் எழுதி, அளவு குறித்து, ஆணியடித்து, மரப்பசை போட்டு ஒட்டியும் ஆகிவிட்டது. நீங்கள் நம்பவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு என் மனைவியிடம், "தங்கச்சி, வூட்ல சாமை எவ்ளோ இருக்குது?" என்று கேட்டீர்கள். லிட்டர் படியால் அளந்து அளந்து, ஸ்பீக்கருக்காக வெட்டிய ஓட்டை வழியாக உள்ளே கொட்டினோம். நீங்கள் எண்ண, நான் கொட்ட, அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "வர்ற போற சனத்துக்குப் போடலாம் சோறு. நீங்க பொட்டிக்குப் போடறீங்க" என்றாள். ஐம்பத்தொரு படியிலேயே விளிம்பு தட்டிவிட்டது. பலகையின் கனத்தைக் கழிக்காமல் வெளி அளவை வைத்தே நான் கணக்குப் போட்டிருந்தேன். சந்தைக்கு வந்த ஆட்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். சாமையை முழுக்க வாரவும் முடியவில்லை. முதல் நாள் பாட்டுப் போட்டபோது உள்ளே மிச்சமிருந்த மணிகள் துள்ளி, பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது.

பெட்டி சின்னதாகிவிட்டால், காற்று வெளியேறும் குழாயை நீட்ட வேண்டும் என்றீர்கள். பாத்ரூமுக்குப் போடுகிற நாலு இஞ்ச் பிவிசி குழாய். நீளக் குழாய் என்றால் ஆழம் கிடைக்கும் என்பது உங்கள் கட்சி. குட்டைக் குழாய் என்றால் அடி பலமாக விழும் என்பது என் கட்சி. மூன்று சந்தை இதைப் பேசியே போனது. கடைசியில் இரண்டு நீளத்தில் இரண்டு குழாய் அறுத்தோம். பசை போடாமலே இறுக்கமாக நிற்கும்படி இரண்டுக்கும் தோலில் வளையம் வெட்டி ஒட்டினீர்கள். ஸ்பீக்கருக்கு அடியிலும் தோல் வைத்தீர்கள், காற்று ஒழுகாமல் இருக்க. மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பது, தோற்றவர் ஊரறிய ஒப்புக்கொள்வது என்று பந்தயம் கட்டினோம்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

மார்கழிக் கடைசி. வெயிலிலேயே குளிர் இருந்தது. சந்தையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து, எங்கள் வீட்டில் களியும் கீரையும் சாப்பிட்டீர்கள். போனிலிருந்து அடித்தொனியை மட்டும் ஓடவிட்டேன். முதலில் உங்கள் குழாய். ஜன்னல் கண்ணாடி மெதுவாக முனகியது. அடுத்து என் குழாய். போட்ட உடனே அடுப்படியில் தட்டெல்லாம் சலசலத்தது. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் நெஞ்சில் கை வைத்திருந்தீர்கள்.

"கம்மி பண்ணுப்பா" என்றீர்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாய் தோற்றுவிட்டார், ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். அதனால் கூட்டினேன். "இன்னா பாய், தோத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கூட்டினேன். நீங்கள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தீர்கள். நெற்றி வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் வேர்த்திருந்தது, பாய். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஒலியைக் குறைத்தேன்.

"கேஸ்பா. ஒன் வூட்டுக் களி வேலையக் காட்டுது" என்றீர்கள். என் மனைவி சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். "என் களிய ஏன்ணா சொல்றீங்க, இவரு போடற சத்தத்துல எனக்கே குடல் பொரளுது" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது மூட்டையை நான் தூக்கினேன். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை நீங்கள். அன்றைக்குக் கொடுத்தீர்கள். தோற்றவருக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு கிண்டல் செய்தேன். பஸ் ஏறும்போது, "அடுத்த வாரம் இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாம். இது செல்லாது" என்றீர்கள்.

நான்காம் நாள் உங்கள் மகள் போன் செய்திருக்கிறாள். எங்கள் பக்கம் சிக்னல் இல்லை. பத்தரைக்கு மேல்தான் அந்தப் பெண்ணின் குரல் எனக்குக் கிடைத்தது. விடியலில் ஃபஜர் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள். ஆலங்காயம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து வாணியம்பாடி வந்து சேர்வதற்குள் மதிய லுஹர் தொழுகை முடிந்து அடக்கமும் முடிந்துவிட்டது. உங்களில் அடக்கத்தைத் தாமதிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பஸ்ஸில் ஏனோ மெதுவாகத்தான் எல்லாம் நடந்தது. வீட்டின் முன்னறையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் டீ கொடுத்தார்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று நினைத்தேன். உங்களைப் புதைத்துவிட்டு வந்த அறையில் உட்கார்ந்து நான் சர்க்கரையைப் பற்றித்தான் நினைத்தேன்.

உள்வாசலில் திரை போட்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து உங்கள் மனைவி, பாபியின் குரல் வந்தது. உங்கள் வீட்டில் ரொட்டி சாப்பிடும்போதெல்லாம் கேட்ட குரல்தான்.

"அண்ணே, கடைசியா ஒங்க வூட்டுக்குத்தான வந்துட்டு வந்தாரு. நெஞ்சு வலி, அது இதுன்னு ஏதாவது சொன்னாரா?"

முன்னறையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் சொல்லலயே பாபி. நல்லாத்தான் இருந்தாரு" என்றேன்.

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பாபி வெளியாட்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தா நாலு மாதம் பத்து நாள். அதுவரை அவரைப் பார்க்க முடியாது என்பது எனக்கு வசதியாகவே இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று நான் முடிவெடுக்கத் தேவையில்லாமல் போயிற்று. அந்த மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியைப் போட்டுக் கேட்டேன். உங்கள் குழாயைத்தான் மாட்டியிருக்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி, பாய்; சுவர் முதற்கொண்டு அதிர்கிறது. தட்டு ஆடுகிறது, கண்ணாடி ஆடுகிறது, எனக்குள் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு சட்டையும் அதற்குள் ஒரு உடம்பும் இருந்தன.

என் மனைவி ஒருநாள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அழுதாவது தொலைங்க" என்றாள். வரவில்லை என்றேன். "சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தது நானு. நானும் கேஸ்னுதான் நெனச்சேன். அந்தம்மா ஒங்களக் கேட்டாங்க இல்ல? போய்ட்டு சொல்லிட்டு வாங்க. நீங்க போவலன்னா நான் போறேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது உங்களுக்கும் தெரியும்.

போன வாரம் இத்தா முடிந்தது. நேற்றைக்கு மூன்று நாள் முன்னால் போனேன். பாபி முன்னறைக்கே வந்து உட்கார்ந்தார், உங்கள் மகள் பக்கத்தில். இளைத்துப் போயிருக்கிறார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்தீர்கள், கம்மி பண்ணு என்றீர்கள், நான் கூட்டினேன், வேர்த்தது, மூட்டையைக் கொடுத்தீர்கள். அன்று இல்லை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். ரிப்பேருக்கு வந்த சாமானில் என்ன கோளாறு என்று கஸ்டமரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். வேறு குரல் என்னிடம் இல்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போகச் சொல்வார் என்றும்கூட. அவர் மகளை டீ போட அனுப்பினார். அந்தப் பெண் உள்ளே போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியும்ணே. அன்னிக்கு வூட்டுக்கு வந்ததுமே சொன்னாரு. மெக்கானிக்கு பொட்டி நெஞ்சுலயே இடிச்சுட்ச்சு, இன்னும் விடமாட்டேங்குதுன்னாரு. இந்த வயசுல ஒங்களுக்கு இது தேவையான்னு கேட்டு நான் சிரிச்சேன். மறுநாளும் சொன்னாரு. அப்பவும் சிரிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன் பாபி அன்னிக்கு என்னக் கேட்டீங்க?" என்றேன்.

அவர் முந்தானையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "ஒங்க கிட்டயும் சொல்லியிருப்பாரு, நீங்களும் காதுல போட்டுக்காம இருந்திருப்பீங்கன்னு ஒரு நெனப்பு. அப்டி இருந்தா நல்லாருக்கும்னு. நீங்க இல்லன்னுட்டீங்க. அப்ப என் ஒருத்தி கிட்டதான் சொல்லியிருக்காரு, நான் ஒருத்திதான் சிரிச்சிருக்கேன்னு ஆய்ட்ச்சு. நாலு மாசமா அந்த ரூமுக்குள்ள ஒக்காந்து எனக்கு அதே நெனப்புதாண்ணே."

பிறகு, "பசங்களுக்கு இது தெரிய வேணாம்" என்றார். சரி என்றேன். டீ வந்தது.

ஆலங்காயம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு வெட்கம் வந்தது, பாய். நீங்கள் போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அழுகை இன்னும் வரவில்லை. வருமோ என்னமோ. அன்றைக்கு ஒலியைக் கூட்டியதை உங்களிடம் சொல்ல முடிந்திருந்தால், "போடா மெக்கானிக்கு" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பீர்கள். அதை எப்படியாவது நான் சுமந்துவிடுவேன். தெரியாமல் செய்தது அது. ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று தெரிந்தே ஒரு பதில் சொன்னேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. உங்கள் வீட்டில், உங்களைப் புதைத்த அன்றைக்கு, உங்கள் மனைவியிடம் சொன்னது.

ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த நாலு மாதமும் அந்த நினைப்போடு பாபியும் நானும் இரண்டு பேராக இருந்திருப்போம்.