இரண்டு படைகள் இருந்த பெட்டி

பெட்டியைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. மல்லாபூர் ஃபேக்டரியில் நாம் இருவரும் மிஷினிலிருந்து வாளி மூடிகளைச் சூடாக எடுத்துப் போடுவோமே, அதே வாசனை. உன் நினைவு வராமல் என்ன செய்யும்? நான் சொல்லச் சொல்லக் கீழ் வீட்டுப் பெண் இதை எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரியாது, உனக்குப் படிக்கத் தெரியாது. அது கிடக்கட்டும், உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெட்டி என் மகனுடையது. நீ அவனைக் காலேஜ் பையனாகத்தான் பார்த்திருக்கிறாய். பிறகு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனான், கல்யாணமும் ஆயிற்று. அன்று காலை வேலைக்குக் கிளம்பிப் போனவன், மதியத்துக்கு முன்பே கையில் பார்சலோடு படியேறி வந்தான். "இன்னைக்கு லீவுப்பா" என்றான். மருமகள் தன் ஆபீசுக்குப் போயிருந்தாள்.

தரையில் உட்கார்ந்து பிரித்தான். சாம்பல் நிறத்தில் விரல் உயர வீரர்கள், கொம்பு வைத்த அரக்கர்கள், எல்லாரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டம் போட்ட பலகையும் படம் போட்ட பகடையும் இருந்தன.

"ஸ்டார்ட்டர் செட்ப்பா. புதுசா ஆடறவங்களுக்கு. ரெண்டு படையும் உள்ளயே இருக்கு, எதிராளிதான் வேணும். உக்காருங்க."

"இந்தக் கொம்பு வச்சவன் யாருடா, உன் மேனேஜரா?"

சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். ஒரு வீரனை வெட்டி எடுக்கக் குனிந்தபோது, சட்டைப் பையில் செருகியிருந்த கழுத்துப் பட்டை வெளியே விழுந்தது. நுனியில் கம்பெனி அடையாள அட்டை இல்லை. வெறும் கொக்கி.

"அட்டை எங்கடா?"

"வாங்கிக்கிட்டாங்க. ஆள் குறைக்கிறாங்கப்பா. போன மாசமே."

"அப்ப தினமும் பையை மாட்டிக்கிட்டு எங்க போற?"

"உப்பல்ல ஒரு பார்க் இருக்கு."

"அவளுக்குத் தெரியுமா?"

"நக்கோப்பா, வேணாம். நீங்க எதுவும் சொல்லாதீங்க. வேற வேலை கிடைச்சதும் நானே சொல்லிக்கறேன்."

வேலை இருந்தபோது ஆர்டர் கொடுத்த பெட்டி, வேலை போன பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. நீயும் இதைத்தானே செய்தாய்?

நம் ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்ட அன்றே நான் என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள், என்னைத் திட்டித் தீர்த்தாள், மறுநாளே தன் அண்ணனிடம் போய் எனக்கு வாட்ச்மேன் வேலை கேட்டு வந்தாள். உன்னை பஸ் ஸ்டாப்பில் டிபன் கேரியரோடு பார்ப்பேன். எங்கேயாவது கிடைத்ததா என்று கேட்டால், "ஹவ் ஹவ், ஆமா, கிடைச்சிருச்சு. உன்ன மாதிரி கேட்ல நின்னு சல்யூட் அடிக்கிற வேலை இல்லப்பா" என்று கிண்டல் செய்வாய். நம்பினேன்.

ஒரு சாயங்காலம் உன் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, அவர் ஃபேக்டரில இருந்து இன்னும் வரல. ஓவர்டைமா?"

"எந்த ஃபேக்டரிம்மா? அதைத்தான் மூடிட்டாங்களே" என்றேன். அப்போது அவள் முகம் போன போக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் நீ சாய்ந்தபடியே உயிரை விட்டதைப் பெரியாஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டோம். நெஞ்சு வலி என்றார்கள். அழுவதற்கு முன் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சொன்னா நான் என்ன செஞ்சுடுவேன்னு பயந்தாரு?"

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். "நான் அவர் இல்லப்பா" என்றான். பலகையில் இரண்டு படைகளையும் நிறுத்திவிட்டு, "உங்க ஆட்டம்" என்றான்.

"நான் ஆடல. உன் பொண்டாட்டி வரட்டும்."

அவன் மிச்சமிருந்த பொம்மைகளைத் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தான்.

மருமகள் இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டாள். "ஏமைந்தி மாமா, என்ன ஆச்சு, ரெண்டு பேரும் தரையில? பொம்மைக் கடை வைக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள். அவன், "இன்னைக்கு லீவு..." என்று ஆரம்பித்தான்.

நான் எழுந்தேன். "என் இடத்துல நீ உக்காரும்மா. இவன் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். டீக்குப் பால் வைத்தேன். பால் பொங்கி வரும்போது, கூடத்தில் அவன் தணிந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு அவள் குரல் வெடித்தது: "ஒரு மாசமா! ‘ஆபீஸ் ரீச்ட்’னு தினமும் மெசேஜ் போட்டியே, பார்க்குல இருந்தா? என்னை என்னன்னு நினைச்சே நீ?" பலகை கவிழ்ந்த சத்தம் கேட்டது. அவன் அழுவதும் கேட்டது.

இன்னும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதுமில்லை. செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. "தினமும் மேலே சண்டை கேக்குதே தாத்தா" என்று எழுதுகிற பெண் தயங்கிக் கேட்கிறாள். கேட்கட்டும். உன் வீட்டில் உன்னைத் திட்ட நீ யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. இங்கே அவர்கள் கத்தும்போது நான் படுத்தபடியே இருக்கிறேன். சத்தம் நின்றுபோனால்தான் பயந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன்.