நண்டும் முள்ளுக்கரண்டியும்

2003 ஏப்ரல் 22, செவ்வாய்

பிற்பகல் 2.17. புவாண்ட்-கிளேர் கிடங்கு, கன்வேயருக்குக் கீழே மல்லாந்து கிடந்து சென்சர் மாற்றும் வேலை. போன். வதனியின் பேராசிரியை. பல்கலைக்கழகம் சம்மதித்துவிட்டதாம். ஆய்வேடு எழுதி முடித்துவிட்டுத்தான் என் மனைவி செத்தாள், வாய்மொழித் தேர்வு மட்டும் மிச்சம். அதனால் கலாநிதிப் பட்டம் உண்டு. ஜூனில் மேடையேறி வாங்க வீட்டிலிருந்து ஒருவர். ஒரே ஒருவர். பெயர் அடுத்த செவ்வாய்க்குள் வேண்டும்.

"தாங்க்ஸ்" என்றேன். சென்சரை மாட்டினேன். வேலை செய்தது.

மழை. பனி கரைந்து ரோட்டெல்லாம் சேறு. பாண், பால், குளியலறை பல்ப். ஒன்றும் வாங்கவில்லை.

பிழை: பின்னேரம் பாலனுக்குப் போன் எடுத்துச் சொன்னது.

ஏப்ரல் 23, புதன்

பாலன். வதனியின் தமையன். இந்த ஆளை எனக்குப் பிடிக்காது. எழுதி வைக்கிறேன், வேறு எங்கே சொல்வது.

வந்த புதிதில் ஹோட்டலில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினவன். இப்போது உறைந்த மீன் இறக்குமதி, மூன்று லொறி. ஏரி பார்த்த வீடு, வாசலில் நான்கு வெள்ளைத் தூண். ஒருமுறை தட்டிப் பார்த்தேன். உள்ளே கோறை, ஒன்றுமில்லை.

மத்தியானம் போன் எடுத்தான்.

"மச்சான், கலாநிதி எண்டால் டொக்டர்தானே?"

"ஓம். மருந்து குடுக்கிற டொக்டர் இல்லை."

"அதை ஏன் ஆக்களுக்குச் சொல்லுவான்?"

சனிக்கிழமை விருந்தாம். ஜனவரியில் தங்கச்சியின் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது, ஏப்ரலில் விருந்து. சென்னைக்கார சேர்ஜன் டொக்டர் குடும்பமும் வருகிறதாம். முப்பது வருஷமாக இங்கே இருக்கிற பெரிய ஆக்கள்.

"எத்தினை தரம் கூப்பிட்டும் வராத சனம், மச்சான். வதனியின்ர பட்டம் எண்டதும் வாறம் எண்டிட்டினம்." பிறகு, குரலைத் தாழ்த்தி: "மேடைக்கு நான் போகட்டோ?"

"இல்லை."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சாச்சு."

மூன்று வருஷம் சோறு வேகும்போதெல்லாம் வதனி சொன்னது இவனைப் போன்றவர்களைப் பற்றித்தான். அவளுடைய ஆய்வு, நூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்க நாவல்கள். புதுசாய்க் காசு கண்டவன் பட்டணத்துக்கு வருவான், வீடு கட்டுவான், கம்பளம் விரிப்பான், பெரிய ஆக்களை விருந்துக்குக் கூப்பிட்டுக் கேவலப்படுவான். நான் ஒன்றும் வாசித்ததில்லை.

"எழுதினவர் எங்க நிண்டு சிரிக்கிறார் எண்டு பாருங்கோ" என்பாள். "எப்பவும் முதலே உள்ளுக்க இருந்த ஆக்களோட."

"அப்ப உன்ர அண்ணையைப் பற்றியும் ஒரு அத்தியாயம் எழுதன்" என்றேன் ஒருநாள். அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. எனக்கு இப்போதும் அது பகிடிதான்.

ஏப்ரல் 24, வியாழன்

வெயில், ஆனால் குளிர். 165ஆம் நம்பர் பஸ்ஸில் இரண்டு பெடியன்கள் பிரெஞ்சில் சண்டை, தமிழில் தூஷணம்.

கீழ்வீட்டுக் கிழவர் பிரெஞ்சில் சுகம் கேட்டார்: "சா வா?" "சா வா." இந்த மொழியில் எனக்குத் தெரிந்த பொய் இது ஒன்றுதான்.

அவளுடைய ஷாம்பு முடிகிறது. நான்தான் பாவிக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றைய விருந்து. நினைவில் இருப்பது:

சரவிளக்கு. வெளிச்சம் குறைக்கிற டிம்மர் பிழையான ரகம். சாப்பாடு முழுக்க ஹ்ம்ம்ம் என்று இரைச்சல். வேறு ஒருவருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

சோபாவின் பிளாஸ்டிக் உறை கழற்றியாயிற்று. முதல் தடவை.

ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் கத்தி, முள்ளுக்கரண்டி, பெரிசும் சின்னதுமாக. நடுவில் நண்டுக் கறி.

சேர்ஜன் முழங்கையில் ஒட்டுப்போட்ட பழைய ஸ்வெட்டரில் வந்தார். மனைவி பருத்திச் சேலை. பாலன் கோட்டும் டையும். சொந்த வீட்டுக்குள்.

"வதனி என்ன சப்ஜெக்ட்டுங்க?" சேர்ஜனின் மனைவி, அந்த அம்மா.

"இங்கிலீஷ் இலக்கியம், அக்கா. அமெரிக்கன் கதையள். புதுசாக் காசு வந்த ஆக்களைப் பற்றி."

"அட! அப்ப உங்களப் பத்தின்னு சொல்லுங்க!"

சேர்ஜன் இருமினார். பாலன்தான் உரக்கச் சிரித்தான். "ஓம் அக்கா, என்னைப் பற்றித்தான். வேற ஆரைப் பற்றி எழுதுவாள்?"

விளங்கித்தான் சொன்னானா? தெரியாது.

பிறகு சேர்ஜன் எழும்பினார். "கை எங்க கழுவறது?" நானும் பின்னால் போய்க் கழுவிவிட்டு வந்தேன். அவர் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, நண்டுக் காலைப் பல்லால் கடித்து உடைத்தார். தன் வீடு மாதிரி. பாலன் முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நண்டுக்கு ஃபோர்க்கா! கைல சாப்பிடுங்க பாலன், இதுல என்ன வெக்கம்?" என்றாள் அந்த அம்மா.

"இல்லை அக்கா. எங்களுக்கு இதுதான் பழக்கம்."

காது இரண்டும் சிவப்பு. திருகோணமலைக் கடற்கரையில் வளர்ந்தவன். கண்ணை மூடிக்கொண்டு நண்டு உடைப்பான், வதனிக்குச் சதையை எடுத்து எடுத்துக் கொடுத்தவன். அந்த நண்டைக் கோப்பைக்குள் முள்ளுக்கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி குனிந்து வெறுஞ்சோறு தின்றாள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. நீ எங்கள் ஆள் என்கிற சிரிப்பு. "தம்பி, நீங்க படிச்சவரு. கைல சாப்பிடுங்க."

கழுவிய கை இன்னும் ஈரம். முள்ளுக்கரண்டியை எடுத்தேன்.

"எங்களுக்கு இதுதான் பழக்கம்" என்றேன்.

குத்தினேன். நண்டுக் கால் பறந்து வெள்ளைக் கம்பளத்தில் விழுந்தது. சரவிளக்கு: ஹ்ம்ம்ம்.

இதனால் பாலனைப் பிடித்துவிட்டது என்றில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அவளுடைய பட்டத்துக்குச் சுவரில் பார்த்து வைத்திருக்கிற இடத்தை சேர்ஜனுக்குக் காட்டினான். பெரிய ரீவிக்கு மேலே.

சப்பாத்து மாட்டும்போது அந்த அம்மா என் காதுக்குள்: "மேடைக்கு நீங்க போங்க தம்பி. அவரு போனா நல்லா இருக்காது."

ஏப்ரல் 29, செவ்வாய்

மழை. மேலாளர் லீவு எடுக்கச் சொல்கிறார். எடுத்து என்ன செய்வது?

காலையில் பேராசிரியைக்கு மெயில். மேடைக்குப் பாலனின் பெயர். அந்த அம்மா மட்டும் காதுக்குள் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என் பெயரைத்தான் கொடுத்திருப்பேன்.

பாலனுக்குச் சொன்னேன். போனை வைத்துவிட்டான். பிறகு தொடங்கினான். சாம்பல் கோட்டா, கறுப்பா? வீடியோக்காரனை உள்ளே விடுவார்களா? சேர்ஜனுக்கு முன்வரிசை கிடைக்குமா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு போன். அப்போதே மெயிலைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கியிருப்பேன்.

பின்னேரம் திரும்பவும். மீன் வைக்கிற குளிரறைக்குள் நின்று எடுக்கிறான், மோட்டர் இரைச்சல்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டோ? சிரிக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"அங்க வதனியின்ர பேரைத்தானே கூப்பிடுவினம்?"

"ஓம்."

"அப்ப... அவளின்ர பேரைக் கூப்பிடேக்க நான் எழும்புறதோ?"

மோட்டர் நின்றது.

"ஓம்" என்றேன். "எழும்புங்கோ."

வைத்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி.

போனை ஓஃப் பண்ணிவிட்டேன்.